உரிமக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்வது நியாயமா? – விவாத இழை

ஜனவரி 11, காலை – இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி

தொழில் உரிமத்துக்கு அரசு வாங்கும் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. உரிமம் வாங்கியவர் ஆயுள் முழுக்க அதை வைத்துச் சம்பாதிக்கிறார். தொடக்கத்தில் ஒரு தொகை கட்டுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது? அவர் கட்டாவிட்டால் அந்தச் செலவு பொது வரிப்பணத்தின் தலையில் விழும். முடிதிருத்துபவரைச் சோதிக்க ஆகும் செலவை அந்தக் கடைப் பக்கமே போகாதவர் எதற்குக் கொடுக்க வேண்டும்?

ஜனவரி 11, இரவு – என் பதில்

செலவை உரிமம் வாங்குபவர்தான் ஏற்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "ஆயுள் முழுக்கச் சம்பாதிக்கிறார்" என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது. கட்டணம் கட்டும் நாளில் அவர் ஒரு காசும் சம்பாதித்திருக்க மாட்டார். சம்பாதிக்கவும் கூடாது, சட்டம் தடுக்கிறது. பயிற்சி முடிந்திருக்கும், கையிருப்பு கரைந்திருக்கும். தேர்வுக்கு ஒரு கட்டணம், சான்றிதழ் சரிபார்க்க ஒன்று, விண்ணப்பத்துக்கு ஒன்று, எல்லாம் முடிந்து உரிமத்துக்கு ஒன்று. வருமானம் தொடங்குவதற்கு முந்தைய அந்த வறண்ட மாதங்களில்தான் இவ்வளவையும் கேட்கிறோம்.

நான் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கும் கவுன்டரில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன். பிறகு கணக்குப் பிரிவுக்குப் போனேன். தொகையைக் கேட்டதும் "அடுத்த மாதம் வருகிறேன்" என்று பைலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் அடுத்த மாதம் வரவில்லை. தகுதி இல்லாதவர்கள் இல்லை, தேர்வில் தேறியவர்கள். தகுதிக்கும் பணத்துக்கும் இடையே அப்படி ஒரு பள்ளம் இருக்கிறது என்பது கணக்குப் பிரிவில் தெரியவே தெரியாது. அங்கே வந்து சேரும் சலான் எல்லாம் கட்டியவர்களுடையது.

ஜனவரி 12, காலை

நேற்று எழுதியதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். உரிமக் கட்டணத்துக்குள் இரண்டு வேறு செலவுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, உங்கள் விண்ணப்பத்தைப் படித்து, சரிபார்த்து, முடிவு சொல்ல ஆகும் செலவு. இன்னொன்று, அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரையும் கண்காணிக்கவும், புகாரை விசாரிக்கவும், உரிமமே இல்லாமல் நடத்துபவரைப் பிடிக்கவும் ஆகும் செலவு. முதலாவது சின்னது. இரண்டாவதுதான் பெரிது.

இது எவ்வளவு பெரிது என்று காட்ட லண்டனில் நடந்த வழக்கு ஒன்று இருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் பாலியல் பொருள் விற்கும் கடைகளுக்கு 2011-12 ஆண்டுக்கு விதித்த உரிமக் கட்டணம் 29,102 பவுண்டு. அதில் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க ஆகும் பகுதி 2,667 பவுண்டு. மிச்சம் 26,435 பவுண்டும் கண்காணிப்புக்கும் அமலாக்கத்துக்கும். உரிமம் மறுக்கப்பட்டால் அந்தப் பெரிய பகுதி திரும்பக் கிடைக்கும், ஆனால் விண்ணப்பிக்கும்போதே முழுத் தொகையையும் வைக்க வேண்டும்.

கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டுச் சேவைகள் நெறிமுறையில் 13ஆம் பிரிவு, அனுமதி நடைமுறைக்கு வாங்கும் கட்டணம் அந்த நடைமுறைக்கு ஆகும் செலவைத் தாண்டக் கூடாது என்கிறது. 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் ஒரு வித்தியாசத்தைத் தெளிவாக்கியது: உரிமம் கிடைத்தவரிடம் கிடைத்த பிறகு கண்காணிப்புச் செலவை வாங்கலாம், அதில் தவறில்லை. விண்ணப்பத்தோடு சேர்த்து முன்கூட்டியே வாங்கலாமா என்ற கேள்வி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போனது. திருப்பித் தருவதாக இருந்தாலும் முன்கூட்டி வாங்கக் கூடாது என்று 2016 நவம்பரில் பதில் வந்தது.

அதே தொகை, அதே ஆள், அதே மன்றம். எப்போது வாங்குகிறார்கள் என்பது மட்டும்தான் வழக்கு. இந்த இழையில் நான் சொல்ல வந்ததும் அதுதான்.

ஜனவரி 12, மாலை

"அந்த மாதிரிக் கடைக்கு எதற்குப் பரிந்து பேசுகிறீர்கள்?" என்று ஒருவர். கடைக்குப் பரிந்து பேசவில்லை. அவர்களிடம் வழக்கு நடத்தப் பணம் இருந்தது. தீர்ப்பு வந்தபின் அந்த நெறிமுறைக்குள் வரும் எல்லாத் தொழிலுக்கும் அது பொருந்தும். சின்னத் தொழில் செய்பவர் எவரும் தன் உரிமக் கட்டணத்துக்காக ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிருக்க முடியாது.

ஜனவரி 14

இந்திய உதாரணம் கேட்டவர்களுக்கு: வழக்கறிஞர்கள்.

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவு பதிவுக் கட்டணத்தை எண்ணாலேயே எழுதி வைத்திருக்கிறது. மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய், ஆக 750. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 100ம் 25ம், ஆக 125. நடைமுறையில் என்ன நடந்தது? நூலகக் கட்டணம், நிர்வாகக் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம், நலநிதி, பயிற்சிக் கட்டணம் என்று ஒவ்வொரு மாநில கவுன்சிலும் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டே போனது. உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மனுவில் ஒடிசாவில் 42,100 ரூபாய் என்று இருந்தது. வேறு சில மாநிலங்களில் 20,000க்கும் மேல்.

2024 ஜூலை 30 அன்று தீர்ப்பு. சட்டத்தில் எழுதிய தொகைக்கு மேல் பதிவின் நிபந்தனையாக எந்தப் பெயரிலும் வாங்கக் கூடாது. தொழில் செய்யும் உரிமையையும் சமத்துவத்தையும் அந்தக் கூடுதல் கட்டணம் தொடுகிறது, விளிம்பில் இருக்கும் சமூகங்களிலிருந்து வருபவர்களுக்குத்தான் அது கதவடைக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை, இனிமேல் வாங்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது.

எனக்கு இந்தத் தீர்ப்பில் பிடித்தது சமத்துவம் பற்றிய பகுதி. கட்டணம் எல்லோருக்கும் ஒரே தொகைதான், அதனால் பாகுபாடே இல்லை என்றுதான் அலுவலகங்களில் எப்போதும் பதில் வரும். ஒரே தொகை இருவரை ஒரே மாதிரி தொடுவதில்லை. முதல் தலைமுறையில் சட்டம் படித்து வருபவருக்குச் சிபாரிசும் இல்லை, முதல் ஆண்டில் வருமானமும் பெரிதாக இல்லை. அவரிடம் போய் 42,100 ரூபாயைக் கட்டிவிட்டு கோட்டுப் போடு என்பது எப்படிச் சமமாகும்?

ஜனவரி 15

ஓர் இளம் வழக்கறிஞர் நீண்ட பதில் எழுதியிருக்கிறார். சாரம் இதுதான்: "கட்டணத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். உண்மையான சுமை படிப்பும் பயிற்சி மணிநேரமும். அதோடு ஒப்பிட்டால் கட்டணம் கொசுறு."

உண்மை. அமெரிக்காவில் குறைந்த வருமானம் தரும் 102 தொழில்களை எடுத்துக்கொண்டு நீதிக்கான நிறுவனம் என்ற அமைப்பு மாநிலம் மாநிலமாகக் கணக்கிட்டு வருகிறது. அவர்கள் கட்டுப்பாடுகளுக்கு எதிராக வழக்காடும் அமைப்பு, சாய்வு உண்டு, அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள். 2012 அறிக்கையில் சராசரிக் கட்டணம் 209 டாலர், பயிற்சி சுமார் 9 மாதம். அழகுக்கலைஞருக்குச் சராசரியாக 372 நாள் பயிற்சி தேவைப்பட்டது. அவசர ஊர்தியில் உயிர் காக்கும் முதலுதவியாளருக்கு 33 நாள். இந்த ஒப்பீட்டைப் படித்த பிறகு பயிற்சி நிபந்தனை முழுக்கப் பாதுகாப்புக்காகத்தான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

ஆனாலும் கட்டணத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பேன். பயிற்சி மணிநேரத்தைக் குறைக்கப் போனால் "மக்கள் உயிரோடு விளையாடுகிறீர்கள்" என்ற வாதம் எழும். அதைச் சந்திக்க ஆய்வு வேண்டும், பல தொழில்களில் அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. கட்டணத்தைக் குறைப்பதால் எவர் உயிருக்கும் ஆபத்தில்லை. கூடுதலாகப் பணம் கட்டிய மின்பணியாளர் கம்பியை இன்னும் ஒழுங்காக இணைத்துவிட மாட்டார். தரத்தைத் தொடாமல், ஓர் அரசாணையில் நீக்கக்கூடிய தடை இது.

ஜனவரி 15, பின்னிரவு

மேலே 209 டாலர் என்றது 2012இன் எண். அதே அமைப்பின் 2017 அறிக்கையில் 267, 2022 அறிக்கையில் 295. பழைய எண்ணோடு யாரும் வாதத்துக்குப் போக வேண்டாம்.

ஜனவரி 17

இதுவரை யாரும் கேட்காத ஒன்றை எழுதுகிறேன். எனக்கு இந்த விஷயத்தில் தூக்கம் கெட்டதே இதனால்தான்.

புதிதாக வருபவர் கட்டும் கட்டணத்தைப் பற்றியே பேசுகிறோம். விட்டுப் போய்த் திரும்பி வருபவரை மறந்துவிடுகிறோம். உரிமம் காலாவதியாகிச் சில ஆண்டு ஆகிவிட்டால், புதுப்பிக்க விடுபட்ட ஆண்டுகளின் கட்டணம் அத்தனையும் கட்டு, அதற்கு மேல் தாமத அபராதம் கட்டு, அதற்கும் மேல் மறுபதிவுக் கட்டணம் கட்டு என்பது பல துறைகளில் இருக்கும் விதி. விடுபட்ட ஆண்டுகளில் அவர் தொழிலே செய்யவில்லை. அவரைக் கண்காணிக்க அரசுக்கு ஒரு செலவும் ஆகவில்லை. எதற்கு அந்த ஆண்டுகளின் கட்டணம்?

ஒரு பெண் வந்தார். செவிலியர். பிள்ளைப் பேறு, பிறகு மாமியாருக்குப் படுக்கையோடு வைத்தியம், அப்படியே ஆண்டுகள் ஓடிவிட்டன. வேலைக்கு அழைப்பு கையில் இருந்தது, உரிமம் மட்டும் செல்லாது. தொகையைக் கூட்டிச் சொன்னது நான்தான். அவர் சண்டை போடவில்லை. "வேலைக்குப் போனால்தானே சார் இதைக் கட்ட முடியும், இதைக் கட்டினால்தான் வேலைக்கே போக முடியும் என்கிறீர்கள்" என்றார். என் மேலதிகாரியிடம் போய்த் தவணை கேட்டுப் பார்த்தேன். விதியில் இடமில்லை என்றார். உண்மையிலேயே விதியில் இடமில்லை.

அந்த விதியை எழுதியவர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். உரிமம் இல்லாமலே தொழில் நடத்திவிட்டு மாட்டிக்கொண்ட பின் புதுப்பிக்க வருபவரை மனதில் வைத்து எழுதியிருப்பார். அந்த வலையில் சிக்கியது முக்கால்வாசி வீட்டுக் கடமைக்காகத் தொழிலை நிறுத்திய பெண்கள். தொழில் செய்யாமல் இருந்ததாக ஓர் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, மறுபரிசீலனைச் செலவை மட்டும் வாங்கி உள்ளே விடலாம். திறமை மங்கியிருக்குமோ என்ற கவலை இருந்தால் ஒரு புத்தாக்கப் பயிற்சி கேளுங்கள், அது நியாயம். பழைய ஆண்டுக் கட்டணம் திறமையைச் சோதிக்காது.

ஜனவரி 18

"அப்படியானால் கட்டணமே வேண்டாம், பூஜ்யம் ஆக்கிவிடலாம்" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். வேண்டாம். காரணம் நாளை.

ஜனவரி 20

கட்டணத்தைக் குறைத்து, அலுவலகத்துக்கு வேறு வழியில் பணமும் தராமல் விட்டால் என்ன ஆகும் என்று அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆள் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலி காலியாகவே இருக்கும். சரிபார்ப்புக் கடிதம் மேசையில் தூங்கும். மாதக்கணக்கில் பைல் நகராது. விண்ணப்பித்தவருக்கு ஒரு மாதத் தாமதம் என்றால் ஒரு மாத வருமானம் போனது. அநேகமாக எல்லாத் தொழிலிலும் ஒரு மாத வருமானம் கட்டணத்தைவிடப் பெரிது. கட்டணத்தில் கொஞ்சம் மிச்சப்படுத்திக் கொடுத்து அதைவிட அதிகமாகத் தாமதத்தில் பிடுங்கிக்கொள்வது சலுகை இல்லை.

அதனால் கேள்வியைத் தொடங்கியவரின் வாதத்துக்கு இங்கே மதிப்புக் கொடுக்கிறேன். கண்காணிப்புக்குப் பணம் வேண்டும், அது தொழிலிலிருந்தே வருவது முறை. என் கணக்கு இப்படி: நுழைபவரிடம் பரிசீலனைச் செலவை மட்டும் வாங்கு. கண்காணிப்புச் செலவைத் தொழில் நடத்தத் தொடங்கியவர்களிடம் புதுப்பித்தலின்போது பரவலாக வாங்கு. நிலைத்து நிற்பவர்களின் எண்ணிக்கை புதியவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் தலைக்கு வரும் கூடுதல் சிறிதாக இருக்கும்.

கட்டணம் ஏறத்தான் வேண்டும் என்பதும் விதி இல்லை. பிரிட்டனில் தனியார் பாதுகாவலர் உரிமம் 2020 ஏப்ரலில் 210 பவுண்டிலிருந்து 190 ஆனது, 2023இல் 184 ஆனது. கணக்கைத் திறந்து பார்த்தால் குறைக்கவும் முடியும்.

ஜனவரி 21

புதியவர்களுக்குக் கதவை அகலத் திறந்தால் ஏற்கெனவே உள்ளவர்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று கேட்டவருக்கு: கட்டணத்தைப் பல இடங்களில் நிர்ணயிப்பதே அவர்கள்தான். உரிமம் வழங்கும் வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அதே தொழில் செய்பவர்கள். வட கரோலினா மாநிலத்தின் பல் மருத்துவ வாரியம், பல் மருத்துவர் அல்லாதவர்கள் பல்லை வெண்மையாக்கும் சேவை நடத்தக் கூடாது என்று கடிதம் அனுப்பி நிறுத்தியது. வாரிய உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் தொழிலில் இருக்கும் பல் மருத்துவர்கள். அரசின் உண்மையான மேற்பார்வை இல்லாமல் இப்படிச் செய்தால் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்குக் கோர முடியாது என்று 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்த்தது. அந்த வழக்கு கட்டணத்தைப் பற்றியது இல்லை. ஆனால் கட்டணம் நிர்ணயிக்கும் மேசையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அதைப் படித்த பிறகு வந்தது.

இதில் பழைய கதையும் உண்டு. ஒரு தொழிலில் யார் நுழையலாம் என்று முடிவு செய்த தொழிற்குழுக்களை பிரான்சில் 1776இல் நிதியமைச்சர் தூர்கோ ஒழித்தார். அவர் பதவி போனதும் அதே ஆண்டு அவை திரும்ப வந்தன. 1791 மார்ச்சில் புரட்சி அரசு மறுபடி ஒழித்தது, யாரும் எந்தத் தொழிலையும் செய்யலாம் என்றது. ஆனால் அதே ஆணையில் ஒரு நிபந்தனை: தொழில் செய்ய விரும்புபவர் அரசிடம் பணம் கட்டி ஓர் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். குழுவின் பூட்டை உடைத்த அரசுக்கும் வருவாய் ஆசை விடவில்லை. அப்போதாவது அதை வரி என்று நேராகவே சொன்னார்கள்.

ஜனவரி 22

வரி என்று சொல்லிவிட்டேன், அதனால் தொடர்கிறேன். கட்டணம் செலவுக்கு ஈடாக வாங்குவது. செலவுக்கு மேல் வாங்கிப் பொதுக் கஜானாவுக்கு அனுப்பினால் அது வரி. அரிசோனாவில் பல உரிம வாரியங்கள் நீண்ட காலம் வசூலில் 90 சதவீதத்தைத் தாங்கள் வைத்துக்கொண்டு 10 சதவீதத்தை மாநிலப் பொது நிதிக்கு அனுப்பின. அங்கே அந்த வாரியங்களையே தொண்ணூறுக்குப் பத்து வாரியங்கள் என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பத்தில் ஒரு பங்கு விண்ணப்பதாரருக்கு எந்தச் சேவையும் செய்யவில்லை. டெக்சாஸ் இதைவிட வெளிப்படை: மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் போன்றோரிடம் உரிமத்தோடு சேர்த்து ஆண்டுக்கு 200 டாலர் தொழில் வரி வாங்கியது. 2015இல் அதை நீக்கிவிட்டார்கள். ஒரு மருத்துவருக்கு 200 டாலர் பெரிதில்லைதான், ஆனால் நீக்கியது சரி. கஜானாவுக்குப் பணம் வேண்டுமானால் வருமானத்தின் மேல் வரி போடட்டும், வருமானம் வரும் வாசலில் உட்கார்ந்து வாங்க வேண்டாம்.

ஜனவரி 24

ராணுவத்தினரின் துணைவர்களுக்கு அமெரிக்காவில் கட்டணத்தைத் திருப்பித் தருகிறார்களே, அது நல்ல வழிதானே என்று கேட்டிருக்கிறார்கள். பணிமாற்றத்தால் வேறு மாநிலம் போய் மறுபடி உரிமம் வாங்க நேர்ந்தால் 500 டாலர் வரை திருப்பித் தருவது என்று தொடங்கி, பிறகு 1,000 ஆக்கினார்கள். நல்ல எண்ணம். ஆனால் முதலில் கட்டியாக வேண்டும், ரசீது வைத்திருக்க வேண்டும், பிறகு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். கையில் பணம் இல்லாதவருக்குத் திருப்பித் தருவது உதவாது, வட்டிக்கு வாங்கிக் கட்ட வைக்கும்.

அரிசோனாவின் இன்னொரு ஏற்பாடு எனக்கு இதைவிடப் பிடிக்கும். குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக் கோட்டின் இரு மடங்குக்குள் இருந்தால் முதல் உரிமத்தின் கட்டணத்தையே தள்ளுபடி செய்ய 2017இல் சட்டம் கொண்டுவந்தார்கள். முதல் முறை மட்டும், சம்பாதிக்கத் தொடங்கும் முன். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

இதிலும் ஒரு தயக்கம் இருக்கிறது எனக்கு. வருமானச் சான்று வாங்குவதே தனி அலைச்சல். தள்ளுபடி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது, கவுன்டரில் இருப்பவரும் சொல்ல மாட்டார், அவருக்கு வேலை அதிகம். எல்லோருக்கும் நுழைவுக் கட்டணம் குறைவாக இருந்தால் இந்தச் சான்றுக் கூத்து எதற்கும் தேவையில்லை. வசதியானவருக்கும் சலுகை போகுமே என்றால், போகட்டும், அவரிடம் புதுப்பித்தலில் வாங்கிக்கொள்ளலாம்.

ஜனவரி 25

தவணை பற்றி நேற்றே எழுத நினைத்தேன். பிரிட்டனின் செவிலியர், மகப்பேறு மருத்துவிச்சிகள் மன்றத்தின் ஆண்டுப் பதிவுக் கட்டணம் 2015இல் 100 பவுண்டிலிருந்து 120 ஆனபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். கட்டணம் குறையவில்லை. ஆனால் காலாண்டுத் தவணையில் கட்டும் வசதி பிறகு வந்தது. அங்கே தவணை சாத்தியமாகிறது. 17ஆம் தேதி நான் எழுதிய செவிலியருக்கு அந்த வசதி இருந்திருந்தால் அவர் அடுத்த வாரமே பணியில் சேர்ந்திருப்பார்.

ஜனவரி 28

தங்கள் சங்கத்தின் சார்பில் மனு எழுதப் போகும் இருவர் என்ன கேட்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். "கட்டணத்தைக் குறைக்கவும்" என்று மட்டும் எழுதினால் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. அதே பதிலை நானே பலருக்கு அனுப்பியிருக்கிறேன்.

கணக்கைக் கேளுங்கள். கடந்த நிதியாண்டில் உங்கள் உரிம வகையில் வசூல் எவ்வளவு, அதில் விண்ணப்பப் பரிசீலனைக்கு ஆனது எவ்வளவு, கண்காணிப்புக்கு ஆனது எவ்வளவு, மிச்சம் எந்தத் தலைப்பில் வைக்கப்பட்டது. மிச்சம் ஆண்டுதோறும் இருந்தால் குறைப்பதற்கு வேறு வாதமே தேவையில்லை. பரிசீலனைச் செலவையும் கண்காணிப்புச் செலவையும் பிரித்தே வைக்கவில்லை என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். எந்தச் செலவுக்கு ஈடாக இந்தத் தொகை என்று அவர்களால் சொல்ல முடியவில்லை என்பதற்கு அதுவே எழுத்துச் சான்று.

காலாவதியான உரிமங்களை மறக்காமல் தனியாகக் கேளுங்கள்: எத்தனை பேர் மறுபதிவு செய்யாமல் விட்டார்கள் என்று. அந்த எண்ணை எந்த அலுவலகமும் தானாக எடுத்துப் பார்ப்பதில்லை. பதிவேட்டில் இருக்கிறது, எடுக்க ஒரு பிற்பகல் போதும்.